ஆங்கிலம் வேறு, இங்கிலாந்துச் சட்டம் வேறு

போர்ச்சுகலில் வீடு வாங்கும் வெளிநாட்டுக்காரர் கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு பத்தி ஒப்பந்தம்தான். இடது பக்கம் போர்ச்சுகீஸ், வலது பக்கம் ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில், இரண்டுக்கும் நடுவே முரண்பாடு வந்தால் போர்ச்சுகீஸ் வாசகமே செல்லும் என்று ஒரு வரி இருக்கும். வாங்குகிறவர் வலது பக்கத்தைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறார், நீதிமன்றம் இடது பக்கத்தைப் படிக்கும். அந்த வலது பக்கத்தை எழுதுவது என் தொழில். லிஸ்பனில் இருந்துகொண்டு பல வருடமாக இதைத்தான் செய்கிறேன்: கிரய ஒப்பந்தம், பத்திரம், வாரிசு ஆவணம், பதிவு நகல், வரி அலுவலகத் தாள் என்று வீடும் நிலமும் சம்பந்தப்பட்ட எல்லாமும்.

இந்த வேலையைக் கொடுப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், படிக்கும்போது உறுத்தாத ஆங்கிலம். நடைமுறையில் அதற்கு அர்த்தம், லண்டன் வக்கீல் எழுதுவது மாதிரியான ஆங்கிலம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு கிடையாது. லண்டன் வக்கீலின் ஒவ்வொரு சொல்லும் இங்கிலாந்தின் நிலச் சட்டத்தைக் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது, அந்தச் சட்டத்துக்கும் போர்ச்சுகலின் சட்டத்துக்கும் அடிப்படையிலேயே ஒட்டு உறவு கம்மி. நான் மொழிபெயர்க்க வேண்டியது ஆங்கிலத்துக்கு, இங்கிலாந்துச் சட்டத்துக்கு அல்ல.

முதலில் 'உரிமை' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் நிலம் கடைசியில் அரசமகுடத்துக்குச் சொந்தம், தனி மனிதர் வைத்திருப்பது அதன் மேல் ஒரு பாத்தியதை. 1925ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் அந்தப் பாத்தியதைகளை இரண்டாகச் சுருக்கியது: கால வரம்பில்லாத ஃப்ரீஹோல்ட், குறிப்பிட்ட வருடங்களுக்கான லீஸ்ஹோல்ட். போர்ச்சுகலின் சிவில் சட்டத் தொகுப்பு 1966இல் வந்தது, 1967 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதன் வேர் ரோமானியச் சட்டத்தில். அதன் 1305ஆம் பிரிவு, உடைமையாளர் தன் பொருளைப் பயன்படுத்தவும் அதன் பலனை எடுக்கவும் அதை விற்கவும் கொடுக்கவும் முழுமையாக, மற்றவர்களை விலக்கி, உரிமை உடையவர் என்று சொல்கிறது. அடுத்த பிரிவு இன்னும் முக்கியமானது. சொத்தின் மேல் ஏற்படுத்தக்கூடிய உரிமைகளின் வகைகளைச் சட்டமே எண்ணி வைத்திருக்கிறது, இரண்டு பேர் சேர்ந்து புதிதாக ஒரு வகையை உண்டாக்க முடியாது, உண்டாக்கினால் அது அவர்களுக்குள் இருக்கும் வெறும் வாக்குறுதி. இந்த முழு உடைமையை 'ஃப்ரீஹோல்ட்' என்று எழுதினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பார்கள். விளம்பரத்தில் எழுதினால் ஒன்றும் கெடாது. ஒப்பந்தத்தில் எழுதினால், படிக்கிற இங்கிலாந்துக்காரருக்கு உடனே அதன் ஜோடியும் ஞாபகம் வரும்: அப்படியானால் மேல் மாடி ஃபிளாட் லீஸ்ஹோல்டா, இன்னும் எத்தனை வருடம் பாக்கி, தரைக்கு யாருக்கு வாடகை கட்டுவது? போர்ச்சுகலில் ஃபிளாட் விஷயத்தில் இந்தக் கேள்விகள் பெரும்பாலும் எழாது.

ஃபிளாட் விஷயத்தில் எழ வேண்டிய கேள்விகள் வேறு. அந்த முறைக்குப் பெயர் 'ப்ரொப்ரியதாத் ஒரிசொன்தால்'. சொல்லுக்குச் சொல் வைத்தால் படுக்கைவாட்டு உடைமை என்று வரும், ஒன்றும் புரியாது. 1955இல் ஒரு தனிச் சட்டம் இதற்கு முழு வடிவம் கொடுத்தது, இப்போது சிவில் தொகுப்பின் 1414ஆம் பிரிவில் தொடங்கி இருக்கிறது. ஃபிளாட் என்பது 'ஃப்ராசாவ் அவுதோனோமா', அதாவது தனித்து நிற்கும் பகுதி. அதை வாங்குகிறவர் அந்தப் பகுதிக்குத் தனி உடைமையாளர், கட்டடத்தின் பொதுப் பகுதிகளுக்குக் கூட்டு உடைமையாளர். இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விற்க முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் மொத்தக் கட்டடத்தில் ஆயிரத்துக்கு இத்தனை என்று ஒரு பங்கு உண்டு, அதற்குப் 'பெர்மிலாஜெய்ம்' என்று பெயர். பராமரிப்புச் செலவும் கூட்டத்தில் வாக்கும் பெரும்பாலும் அதன்படிதான். கட்டடத்தை இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்த மூல ஆவணத்துக்குத் 'தீத்துலு கொன்ஷ்தித்துதீவு' என்று பெயர். எது தனி, எது பொது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

மொட்டை மாடியை வைத்துச் சொன்னால் இது விளங்கும். விற்பனைத் தாளில் 'மேல்தள ஃபிளாட், தனி டெரஸ் உடன்' என்று இருக்கும். போர்ச்சுகீஸ் மூலத்தைப் பார்த்தால் டெரஸின் 'தனிப் பயன்பாடு' மட்டும்தான் அந்த ஃபிளாட்டுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். 1421ஆம் பிரிவு, கூரையும் கூரையாக இருக்கும் மொட்டை மாடியும், ஒரே ஒரு ஃபிளாட்டின் உபயோகத்துக்கு விடப்பட்டிருந்தாலும் கூட, பொதுப் பகுதிதான் என்று கட்டாயமாக வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'பிரைவேட் டெரஸ்' என்று படித்தவர் அது தன் சொத்து என்று நினைத்து, கண்ணாடி போட்டு மூடி ஓர் அறை ஆக்கிக்கொள்ளலாம் என்று செலவுக் கணக்கு வரை போட்டுவிடுவார். கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்றும் வேலைக்குக் குடியிருப்போர் கூட்டத்தில் மொத்தக் கட்டட மதிப்பின் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும். ஆகவே நான் 'பிரைவேட்' என்று எழுதுவதே இல்லை. 'கட்டடத்தின் பொதுப் பகுதி, இதன் தனிப் பயன்பாடு இந்த ஃப்ராக்‌ஷனுக்கு' என்று நீட்டித்தான் எழுதுவேன். அழகாக இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அப்படியே மறுபடி அனுப்புவேன்.

அடுத்து 'சினால்'. கிரய ஒப்பந்தம் போடும்போது கொடுக்கும் பணம். இதை டெபாசிட் என்று மொழிபெயர்ப்பது எல்லோருக்கும் கை வந்த பழக்கம். இங்கிலாந்தில் டெபாசிட் என்றால், விற்கிறவர் பின்வாங்கினால் பணம் திரும்பி வரும், மேற்கொண்டு நஷ்ட ஈடு வேண்டுமானால் வழக்குப் போட வேண்டும். போர்ச்சுகலின் 442ஆம் பிரிவில் கணக்கு வேறு: வாங்குகிறவர் ஒப்பந்தத்தை மீறினால் கொடுத்த பணம் போயிற்று, விற்கிறவர் மீறினால் வாங்கியதை இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். தமிழில் அச்சாரம் என்றால் பாதி அர்த்தமாவது தொனிக்கும், டெபாசிட்டில் அதுவும் இல்லை. இதற்கு முன்னால் 441ஆம் பிரிவு இருக்கிறது, அதை நான் எப்போதும் அடிக்குறிப்பில் போட்டுவிடுவேன். கிரய ஒப்பந்தம் போட்டு, வாங்கப் போகிறவர் விற்கப் போகிறவருக்குக் கொடுக்கும் எந்தத் தொகையும், அட்வான்ஸ் என்று எழுதினாலும் விலையின் முதல் தவணை என்று எழுதினாலும், சினால் என்றே சட்டம் அனுமானிக்கும். ஆங்கிலப் பத்தியில் 'பார்ட் பேமென்ட்' என்று சாதுவாக எழுதி வைத்தால், அந்த மனிதர் எந்த விளையாட்டுக்குள் பணத்தை வைக்கிறார் என்பதே அவருக்குத் தெரியாமல் போகும்.

சரி, இதெல்லாம் பட்டணத்து விவகாரம். உண்மையில் பணமும் மனசும் உடைவது கிராமத்து நிலத்தில்தான், அங்கே ஒரே ஒரு சொல் நிறைய வேலை செய்கிறது: 'ப்ரேதியு'. லிஸ்பன் தெருவில் ப்ரேதியு என்றால் அடுக்குமாடிக் கட்டடம். சட்டத்தில் ப்ரேதியு என்றால் நிலமும் ஆகலாம், கட்டடமும் ஆகலாம். சிவில் தொகுப்பின் 204ஆம் பிரிவு அதை இரண்டாகப் பிரிக்கிறது. 'ப்ரேதியு ரூஷ்திக்கு' என்பது எல்லை வகுத்த ஒரு துண்டு நிலமும், அதன் மேல் இருக்கும், தனியாகப் பொருளாதார மதிப்பு இல்லாத கட்டுமானங்களும். 'ப்ரேதியு உர்பானு' என்பது நிலத்தோடு ஒட்டிய கட்டடமும், அதற்கு முற்றமாக உதவும் நிலமும். வரிச் சட்டத்தில் மூன்றாவதாகக் கலப்பு வகையும் உண்டு. இப்போது கணினி மொழிபெயர்ப்பில் முதல் வகையைப் போட்டுப் பாருங்கள், 'ரஸ்டிக் பில்டிங்' என்று வந்து நிற்கும். நாட்டுப்புறப் பாணியில் கட்டிய கல் வீடு! நிலத்தில் உண்மையாகவே ஒரு கல் கொட்டகையும் நின்றுகொண்டிருந்தால் வாங்குகிறவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் அந்தத் தாள் சொல்வது அதற்கு நேர் எதிரானது: இது விவசாய நிலம், அந்தக் கொட்டகை நிலத்தின் ஒரு பகுதி, அது வீடு கிடையாது. அதைப் புதுப்பித்துக் குடியிருக்க முடியுமா என்பதை நகராட்சியின் நிலப் பயன்பாட்டுத் திட்டம் முடிவு செய்யும், பெரும்பாலான இடங்களில் பதில் சாதகமாக வராது. நான் இதை 'ரூரல் லேண்ட் பார்சல்' என்று எழுதி, பக்கத்திலேயே போர்ச்சுகீஸ் சொல்லையும் வைப்பேன்.

அதே நிலத்தில் பக்கத்து நிலக்காரருக்கு இருக்கும் முன்னுரிமையும் இப்படித்தான். சட்டம் வகுத்த குறைந்தபட்ச சாகுபடி அளவுக்கும் கீழே உள்ள நிலம் விற்கப்படும்போது, 1380ஆம் பிரிவின்படி ஒட்டிய நிலக்காரருக்கு அதை முதலில் வாங்கும் உரிமை உண்டு. விதிவிலக்குகள் இருக்கின்றன, உதாரணமாக விவசாயம் அல்லாத காரியத்துக்காக வாங்கினால் பொருந்தாது. ஆங்கிலத்தில் இதற்கு வைக்கும் சொற்றொடர் 'ரைட் ஆஃப் ஃபர்ஸ்ட் ரிஃப்யூசல்'. சொல் பிழை இல்லை. ஆனால் அதைப் படிக்கிறவர், யாரோ எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் இருந்து வரும் உரிமை, யாரும் கேட்கவில்லை என்றால் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறார். இது சட்டமே கொடுத்த உரிமை. பக்கத்து நிலக்காரருக்கு முறையாகத் தெரிவிக்காமல் விற்றிருந்தால், விற்பனை விவரம் தனக்குத் தெரிய வந்த நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் அவர் வழக்குப் போட்டு, விலையைக் கட்டி, நிலத்தைத் தன் பேருக்கு எடுத்துக்கொள்ளலாம். பத்திரம் முடிந்து, வேலி போட்டு, கிணறு தோண்டிய பிறகும் கூட.

கிராமத்து நிலத்தைப் பேசினால் வாரிசு விவகாரத்தைப் பேசாமல் இருக்க முடியாது. எனக்கு வரும் வேலையில் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். 1960களில் போர்ச்சுகலின் உள்நாட்டுக் கிராமங்களில் இருந்து ஜனங்கள் சாரிசாரியாக பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்று டொரன்டோவிலும் நியூவார்க்கிலும் இருக்கிறார்கள், போர்ச்சுகீஸ் பேசுவார்கள், ஆனால் சட்டப் போர்ச்சுகீஸ் படிக்க வராது. தாத்தாவின் வீடும், சிதறிக் கிடக்கும் ஏழெட்டுத் துண்டு பைன் காடும் இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கின்றன. ஊரில் இருக்கும் மாமா அனுப்பும் தாளை இவர்கள் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள்.

அந்தத் தாளில் முதலில் வரும் சொல் 'எரான்சா இந்திவிசா', பாகம் பிரிக்காத பரம்பரைச் சொத்து. இதைக் கூட்டு உடைமை என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள், அதிலும் சிலர் 'ஜாயின்ட் டெனன்சி' என்று எழுதுவார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம், ஒருவர் இறந்தால் அவர் பங்கு மிஞ்சியிருப்பவர்களுக்குப் போகும், அவருடைய பிள்ளைகளுக்கு வராது. போர்ச்சுகலில் அப்படி எதுவும் கிடையாது. 'டெனன்சி இன் காமன்' என்று எழுதினால் அந்த ஆபத்து இல்லை, வேறொரு ஆபத்து இருக்கிறது: படிக்கிற பேரன், வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எனக்கு, அதை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று புரிந்துகொள்வான். பாகம் பிரிக்கும் வரை வீட்டில் அவனுக்கு என்று ஒரு பங்கும் கிடையாது. மொத்தப் பரம்பரைச் சொத்தின் மேல், அதாவது வீடு, காடு, வங்கிக் கணக்கு, கடன் எல்லாம் சேர்ந்த மொத்தத்தின் மேல், அவனுக்கு ஒரு வீதம் உண்டு. அந்த வீதத்தை அவன் விற்கலாம், விற்கப் போனால் மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு. குறிப்பிட்ட அந்த வீட்டை விற்க வேண்டுமென்றால் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். அதே சமயம், எந்த வாரிசும் எந்த நேரத்திலும் பாகப்பிரிவினை கேட்கலாம், அந்த உரிமையை யாரும் எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது. பிரிக்காமல் வைத்திருக்க ஒப்புக்கொண்டாலும் ஐந்து வருடம் வரைதான் அந்த ஒப்பந்தம் செல்லும், வேண்டுமானால் மறுபடி புதுப்பிக்கலாம்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்பவர் 'கபேசா தெ கசால்'. சொல்லுக்குச் சொல் தம்பதியின் தலை. பாகம் பிரியும் வரை சொத்தை நிர்வகிப்பவர் அவர். பெரும்பாலும் உயிரோடு இருக்கும் கணவர் அல்லது மனைவி, அவர் இல்லையென்றால் சட்டம் சொல்லும் வரிசையில் அடுத்தவர். ஆங்கிலத்தில் இதை 'எக்ஸிக்யூட்டர்' என்று எழுதிவிடுகிறார்கள், நான் கடுமையாக எதிர்ப்பது இந்த ஒரு சொல்லைத்தான். இங்கிலாந்து முறையில் இறந்தவரின் சொத்து முதலில் எக்ஸிக்யூட்டர் கைக்குப் போகிறது, அவர் கடனை அடைத்து, தேவைப்பட்டால் வீட்டை விற்று, மிச்சத்தை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். போர்ச்சுகலில் சொத்து நேராக வாரிசுகளுக்கு வருகிறது, நடுவில் யாரும் இல்லை. கபேசா தெ கசால் வீட்டுக்கு வரி கட்டலாம், கூரையைச் செப்பனிடலாம், விளைச்சலை விற்கலாம், ஆனால் வீட்டைத் தனியாக விற்க அவருக்கு அதிகாரம் கிடையாது. டொரன்டோவில் இருக்கும் பேரன் 'எக்ஸிக்யூட்டர்' என்று படித்தால், சரி, எல்லாம் மாமா பார்த்துக்கொள்வார், நான் சும்மா இருந்தால் போதும் என்று இருந்துவிடுகிறான். மாமாவோ இவன் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார். வருடங்கள் போகின்றன, மாமாவும் போய்ச் சேருகிறார், அவருடைய பிள்ளைகள் அந்த வாரிசுப் பட்டியலில் சேருகிறார்கள். இப்படித்தான் ஒரு சின்ன வீட்டுக்கு முப்பது பேர் சொந்தக்காரர்கள் ஆகிறார்கள்.

இதன் விலை என்ன என்பது 2017இல் நாடு முழுக்கத் தெரிந்தது. அந்த ஜூன் மாதத்தில் பெட்ரோகாவ் கிராந்தே காட்டுத் தீயில் 66 பேர் இறந்தார்கள். தீ பரவியதற்குக் காரணங்கள் பல, வெயில், காற்று, யூகலிப்டஸும் பைனும் மண்டிய காடு. அந்தக் காட்டை யார் சுத்தம் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, யாருடைய நிலம் என்றே தெரியாமல் கிடந்த துண்டுகளில் பதில் கிடைக்கவில்லை. அதே ஆகஸ்டில் வந்த ஒரு சட்டம் எளிமையான நில விவரப் பதிவு முறையைத் தொடங்கியது, முதலில் பெட்ரோகாவ் கிராந்தே உட்பட 10 நகராட்சிகளில். இப்போது பூப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்த முறையில், வெளிநாட்டில் இருந்தபடியே வரைபடத்தில் தன் துண்டு நிலத்தின் எல்லையை வரைந்து காட்டலாம். வீடுகளைச் சுற்றி 50 மீட்டர் வரை புதரும் கிளைகளும் வெட்ட வேண்டிய கடமை சட்டத்தில் நிலக்காரருக்கு மட்டும் அல்ல, வாடகைதாரருக்கும் உஸுஃப்ருத்து, அதாவது இன்னொருவரின் சொத்தை அனுபவிக்கும் உரிமை, வைத்திருப்பவருக்கும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டியவன் தான்தான் என்பது பேரனுக்குப் புரிகிற மாதிரி ஒரு தாளை ஆங்கிலத்தில் எழுதுவதை நான் இந்தக் கணக்கில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

அந்த உஸுஃப்ருத்து பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றோர் வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு எழுதிவிட்டு, தாங்கள் உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொள்வது போர்ச்சுகலில் சர்வ சாதாரணம். பிள்ளைகளுக்குக் கிடைப்பது 'நூவா ப்ரொப்ரியதாத்', பலன் இல்லாத வெற்று உடைமை. பெற்றோரிடம் இருப்பது உஸுஃப்ருத்து. 'லைஃப் இன்ட்ரஸ்ட்' என்று இங்கிலாந்துச் சொல்லைப் போட்டால் உடனே ஒரு ட்ரஸ்டும் அறங்காவலரும் வந்து நிற்பார்கள், போர்ச்சுகலின் சிவில் தொகுப்பில் அப்படி ஓர் அமைப்பே இல்லை. தவிர உஸுஃப்ருத்து ஆயுள் முழுக்க இருக்க வேண்டும் என்பதும் இல்லை, பத்து வருடத்துக்கு என்றும் வைக்கலாம், ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தால் 30 வருடத்தைத் தாண்டக் கூடாது. வைத்திருப்பவர் வீட்டை வாடகைக்கு விடலாம், வேறு தடை எழுதப்படவில்லை என்றால் உஸுஃப்ருத்தையே இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். இதன் பக்கத்திலேயே 'உசு இ அபித்தசாவ்' என்று இன்னொன்று இருக்கிறது, தனக்கும் தன் குடும்பத்துக்கும் குடியிருக்க மட்டும் உள்ள உரிமை. அதை வாடகைக்கு விடவும் முடியாது, மாற்றவும் முடியாது. இரண்டையும் 'ரைட் டு யூஸ்' என்று ஒரே சொல்லில் அடைத்த மொழிபெயர்ப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. வயதான ஒரு தாய்க்கு எந்த உரிமை மிஞ்சியிருக்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளவே முடியாத தாள்கள் அவை.

இதற்கு ஆங்கிலத்தில் சொல் இல்லையா? இருக்கிறது. அதைத்தான் இவ்வளவு நேரம் சொல்ல வந்தேன். ஆங்கிலம் லண்டனில் மட்டும் சட்டம் எழுதவில்லை. லூயிசியானாவின் சிவில் தொகுப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது, அதில் யூசுஃப்ரக்ட் உண்டு, வெற்று உடைமைக்கு நேக்கட் ஓனர்ஷிப் உண்டு, பக்கத்து நிலத்தின் மேல் வழி போன்ற உரிமைக்கு ப்ரீடியல் சர்விட்யூட் உண்டு. 1994 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் கியூபெக்கின் சிவில் தொகுப்பு பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் இருக்கிறது, அதில் ஹைப்பாத்தெக் (அடமானம்), சூப்பர்ஃபிசீஸ் (பிறர் நிலத்தின் மேல் கட்டடம் வைத்திருக்கும் உரிமை), இம்மூவபிள் (அசையாச் சொத்து) எல்லாம் சரளமாகப் புழங்குகின்றன. ஸ்காட்லாந்து, தென்னாப்பிரிக்கா, ரோமன்-டச்சுச் சட்டம் வழங்கும் இலங்கை என்று போனால் சர்விட்யூட் அன்றாடச் சொல், தென்னாப்பிரிக்காவிலும் இலங்கையிலும் யூசுஃப்ரக்டும் அப்படித்தான். கோவாவில் 1867ஆம் ஆண்டின் பழைய போர்ச்சுகீஸ் சிவில் தொகுப்பே சுதந்திரத்துக்குப் பிறகும் குடும்ப, வாரிசு விஷயங்களில் ஆண்டு வந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம், கோவாவைச் சேர்ந்தவரின் வாரிசுரிமைக்கு, சொத்து கோவாவுக்கு வெளியே இருந்தாலும் அந்தச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. கோவா வக்கீல்கள் தலைமுறை தலைமுறையாகப் போர்ச்சுகீஸ் வாரிசுச் சட்டத்தை ஆங்கிலத்தில் வாதாடி வருகிறார்கள். பிள்ளைகளுக்கு என்று சட்டம் ஒதுக்கி வைத்த கட்டாயப் பங்கை 'லெஜிட்டிம்' என்றும், தம்பதியின் பொதுச் சொத்தை 'கம்யூனியன் ஆஃப் அசெட்ஸ்' என்றும் அவர்கள் எழுதும்போது, அந்த ஆங்கிலம் போர்ச்சுகலின் சட்டத்தோடு எந்தச் சிரமமும் இல்லாமல் பொருந்துகிறது. லண்டன் வாசகருக்கு அது கொஞ்சம் அந்நியமாக இருக்கும். இருக்கட்டும். அந்நியமாக இருந்தால் நின்று கேட்பார். கேட்பதற்குத்தானே அந்த வலது பக்கம்.

இன்னொரு பக்கம் பிரேசில். அகராதிகளும் கணினி மொழிபெயர்ப்பும் பெரும்பாலும் பிரேசில் போர்ச்சுகீஸை உண்டு வளர்ந்தவை, அதனால் குழப்பம் இரட்டிப்பாகிறது. வீட்டு வாடகைக்கு போர்ச்சுகலில் 'அரெந்தமெந்து', அசையும் பொருளை வாடகைக்கு எடுத்தால் 'அலுகேர்'. பிரேசிலில் வீட்டுக்கும் 'அலுகெல்'. சொல் மாறுவது சின்ன விஷயம், சட்டம் மாறுவதுதான் பெரிது. பிரேசிலில் பத்திரத்தைப் பதிவு செய்த பிறகுதான் வீடு கை மாறுகிறது. போர்ச்சுகலில் ஒப்பந்தம் செல்லுபடியாக முடிந்த அந்தக் கணமே உடைமை மாறிவிடுகிறது, பதிவு என்பது மூன்றாம் மனிதருக்கு எதிராக அதை நிலைநாட்டிக்கொள்ள. பிரேசில் விளக்கத்தைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உரிமைக்கான ஆதாரம் என்று வரும்போதும் இதே கதை. 'கதர்னேத்தா ப்ரெதியால்' என்று வரி அலுவலகம் ஒரு தாள் கொடுக்கும், அதை 'டைட்டில் டீட்' என்று மொழிபெயர்த்து விற்பனைக் கோப்பில் வைத்துவிடுவார்கள். அது வரிக்காகப் போட்ட கணக்கு, சொத்து எங்கே, எவ்வளவு பரப்பு, வரி மதிப்பு என்ன, யார் பேரில் வரி வருகிறது என்று சொல்லும், அவ்வளவுதான். சொந்தக்காரர் யார் என்பதற்குப் பதிவு அலுவலகமான 'கொன்செர்வதோரியா' தரும் சான்றைத்தான் பார்க்க வேண்டும். நம் ஊரில் பட்டாவும் பத்திரமும் வெவ்வேறு அலுவலகத்தில் இருந்து வந்து, ஒன்றில் இருக்கும் பரப்பு மற்றதில் இல்லாமல் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

அந்தச் சான்றை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். 'செர்த்திதாவ் பெர்மனென்த்' என்று பெயர், இணையத்தில் 15 யூரோ கட்டினால் ஒரு எண் வரும், அந்த எண்ணை வைத்து ஆறு மாதம் வரை அன்றன்றைய நிலையைப் பார்க்கலாம். விற்கிறவரிடமே அந்த எண்ணைக் கேட்டு வாங்கலாம். நான் மொழிபெயர்த்துக் கொடுக்கும்போது மூன்று இடங்களைக் குறித்துக் கொடுப்பேன். சொத்து விவரம் இருக்கும் பகுதியில் ரூஷ்திக்குவா உர்பானுவா என்று பாருங்கள். உரிமைப் பதிவுகள் இருக்கும் பகுதியில் உஸுஃப்ருத்து இருக்கிறதா, 'இப்பொத்தேகா' என்ற அடமானம் இருக்கிறதா, 'பெஞோரா' என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெஞோரா என்பது கடனுக்காக நீதிமன்ற நடவடிக்கையில் போடும் ஜப்தி, அதை நகை அடகு மாதிரியான 'பெஞோர்' உடன் சேர்த்து 'ப்ளெட்ஜ்' என்று எழுதியிருந்தால் அந்த மொழிபெயர்ப்பை நம்ப வேண்டாம். மூன்றாவதாக, எந்தப் பதிவின் பக்கத்திலாவது 'ப்ரொவிசோரியா போர் தூவிதஷ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏதோ சந்தேகத்தால் தற்காலிகமாக மட்டும் பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், குறையைச் சரிசெய்யாவிட்டால் பொதுவாக ஆறு மாதத்தில் அந்தப் பதிவு காலாவதி ஆகிவிடும். விற்கிறவரின் உரிமையே அப்படித் தற்காலிகமாகப் பதிவாகியிருந்தால், அது உறுதிப் பதிவாக மாறும் வரை சினால் கொடுக்காதீர்கள்.